விண்டோஸ் 7, பேஜ்மேக்கர், பாமினி: இன்னும் ஓட்டலாமா?

தட்டோன் அச்சகம் | 3 நவம்பர் 2025

கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புக் அடிக்கிற சின்ன அச்சகம். மெஷின் கோர் 2 டுவோ, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 7 32-பிட். பக்கம் கட்டப் பேஜ்மேக்கர் 7. தமிழ் எழுத்துரு பாமினி, பர்மா எழுத்துரு ஸோஜி. பிரிண்டர் எச்பி லேசர்ஜெட் 1020. எல்லாம் ஓடுது. குரோம் மட்டும் "பழசு, பழசு"ன்னு கத்துது, பாதி சைட் திறக்கலை. கடைக்காரர் விண்டோஸ் 11 போட்ட புது மெஷின் வாங்கச் சொல்றார். விண்டோஸ் 10-க்கே போன மாசம் ஆயுசு முடிஞ்சதாம். என் கட்சி: ஓடுற மெஷினை எதுக்குத் தொடணும்? தப்புன்னா காரணத்தோட சொல்லுங்க.

ரங்கூன் பழுதுக்கடை | 3 நவம்பர் 2025

இது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. பக்கம் கட்டுவதற்கு விண்டோஸ் 7 போதுமா? போதும். இணையத்துக்குப் போதுமா? போதாது. இரண்டையும் ஒரே மெஷினில் கட்டி வைத்திருப்பதுதான் சிக்கல். பிரித்துவிட்டால் உங்கள் கட்சியும் ஜெயிக்கும், கடைக்காரர் கட்சியும் ஜெயிக்கும்.

தேதிகள் முதலில். விண்டோஸ் 7-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தம் 2020 ஜனவரி 14-ல் நின்றது. காசு கட்டிய நிறுவனங்களுக்கு 2023 ஜனவரி வரை வந்தது. குரோம் 109-தான் 7-ல் ஓடும் கடைசிப் பதிப்பு. அதுவும் 2023 தொடக்கத்தோடு சரி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. கடைக்காரர் சொன்னது உண்மை. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு இருக்கிறது, 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும்.

உங்கள் பழைய பெட்டியிலேயே 11 போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட், எட்டாம் தலைமுறை இன்டெல் என்ற கட்டுப்பாட்டையெல்லாம் தாண்ட ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) வித்தை உண்டு. ஆனால் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்ஈ4.2, பாப்கவுன்ட் என்ற கட்டளைகள் செயலிக்குள்ளேயே இருக்க வேண்டும். கோர் 2 டுவோவில் அவை இல்லை. எந்த வித்தை போட்டாலும் பூட் ஆகாது.

ரங்கூன் பழுதுக்கடை | 3 நவம்பர் 2025, இரவு

விட்டுப்போனது: இன்றைக்கே பிரவுசர் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட காலம் திருத்தம் பெறும் பதிப்பு). 2025 நவம்பர் நிலவரப்படி விண்டோஸ் 7-க்கு இன்னும் பாதுகாப்புத் திருத்தம் வருகிற ஒரே பெரிய பிரவுசர் அதுதான். 2026 மார்ச் வரை என்று அறிவித்திருக்கிறார்கள். சைட் அசல்தானா என்று பார்க்கும் சான்றிதழ்களை ஃபயர்ஃபாக்ஸ் தானே வைத்துக்கொள்வதால், விண்டோஸின் பழைய சான்றிதழ் கிடங்கை நம்பி நிற்காது. 115.13-க்குக் கீழே உள்ளதை எவரோ பென்டிரைவில் கொடுத்தால் போடாதீர்கள். 2025 மார்ச் 14-ல் அதற்குள் இருந்த மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகிவிட்டது. அதனால் அதில் நீட்சிகள் (ஆட்-ஆன்) வேலை செய்யாது.

இன்னொன்று. சைட் திறக்கவில்லை என்றதும் பிரவுசரைத் திட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி 2009-க்கோ எதற்கோ ஓடிவிடும். தேதி தவறினால் எச்டிடிபிஎஸ் சைட் ஒன்றுகூடத் திறக்காது. புது பேட்டரி மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். மீட்டர் வைத்துப் பார்த்து 2.8-க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். நம் ஊர்க் கரண்ட்டில் இந்தக் கோளாறுதான் முதலில் வரும்.

பெகு | 4 நவம்பர் 2025

அண்ணே, ஒரு திருத்தம். பேஜ்மேக்கர்ல ஸோஜி வராதே? பேஜ்மேக்கருக்கு யூனிகோடே (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தெரியாது. அவர் அதுல பர்மா அடிக்கிறார்னா அது வின் இன்வாங்கிற பழைய பர்மா எழுத்துருவாத்தான் இருக்கணும்.

ரங்கூன் பழுதுக்கடை | 4 நவம்பர் 2025

பெகு தம்பி சொல்வது சரி, அது முக்கியமான வேறுபாடும்கூட. உங்கள் மெஷினில் இப்போது மூன்று எழுத்துரு இருக்கும்: பாமினி, வின் இன்வா, ஸோஜி.

பாமினியும் வின் இன்வாவும் ஒரே சாதி: ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ், பர்மா உருவங்களை உட்கார வைத்தவை. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான். அதனால்தான் 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7 இவற்றைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறது. ஸோஜி வேறு சாதி. யூனிகோடில் பர்மாவுக்கென்று ஒதுக்கிய இடங்களை எடுத்துக்கொண்டு, விதிப்படி இல்லாமல் தன் இஷ்டத்துக்கு நிரப்பியது. ஷான், மொன், கரென் எழுத்துகளின் இடங்களையும் சேர்த்து விழுங்கியது. வேர்டு, ஃபேஸ்புக், கோப்புப் பெயர்கள் இவற்றில் நீங்கள் பார்ப்பது ஸோஜி.

விண்டோஸ் 8-லிருந்து மியான்மர் டெக்ஸ்ட் என்ற சரியான யூனிகோடு எழுத்துரு கூடவே வருகிறது. எனவே ஸோஜியில் எழுதிய பழைய கோப்பு புது மெஷினில் திறந்தால் கலைந்துதான் தெரியும். விண்டோஸ் 7-ல் பர்மா எழுத்தைக் கோர்க்கும் வசதி விண்டோஸுக்குள்ளேயே கிடையாது. அந்த இல்லாமையில்தான் ஸோஜி பிழைத்தது. 2019 அக்டோபர் 1-ல் மியான்மர் யூனிகோடுக்கு மாறிய பிறகும் பல கடைகள் 7-ஐ விடாததற்குப் பாதிக் காரணம் இதுதான், சோம்பேறித்தனம் இல்லை. மீதிப் பாதி சோம்பேறித்தனம்.

7-ல் சரியான யூனிகோடு பர்மா பார்க்க வேண்டுமென்றால் பிடாங்சு எழுத்துருவைப் போட்டுவிட்டு ஃபயர்ஃபாக்ஸிலோ லிப்ரே ஆபிஸிலோ பாருங்கள். அவை தம் சொந்த ஹார்ஃப்பஸ் இயந்திரத்தால் எழுத்தைக் கோர்க்கின்றன, விண்டோஸை எதிர்பார்ப்பதில்லை. லிப்ரே ஆபிஸ் 25.2 வரைதான் 7-ல் ஏறும், 25.8 ஏறாது.

தட்டோன் அச்சகம் | 6 நவம்பர் 2025

பாத்தேன், வின் இன்வாதான். சரி, பிரிக்கச் சொல்றீங்க. எப்படி? ரெண்டு மெஷின் வைக்க இடமும் இல்லை, காசும் இல்லை.

ரங்கூன் பழுதுக்கடை | 6 நவம்பர் 2025

மெஷின் ஒன்று போதும், டிஸ்க்தான் இரண்டு வேண்டும்.

முதலில் இப்போது இருக்கும் ஹார்டுடிஸ்கை அப்படியே இமேஜ் (முழு நகல்) எடுங்கள். குளோன்சில்லாவைப் பென்டிரைவில் ஏற்றி அதில் பூட் செய்து, வெளி யுஎஸ்பி டிஸ்கில் முழு டிஸ்க் இமேஜ். இமேஜ் எடுத்த பின் அது சரிபார்க்கும் கேள்வி கேட்கும். நேரம் ஆகுமென்று தாண்டாதீர்கள், சரிபார்க்கட்டும். பேஜ்மேக்கர் நிறுவும் சிடி கீறல் விழுந்து கிடக்கும், சீரியல் எண் எழுதிய அட்டை எங்கே போனதோ தெரியாது. இந்த இமேஜ் இருந்தால் அந்த இரண்டும் இல்லாமலே மறுபடி நிற்கலாம். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அடுத்து அதை ஒரு 120 அல்லது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். எஸ்எஸ்டி பழைய டிஸ்கைவிடச் சிறியதாக இருந்தால் முதலில் ஜிபார்ட்டடில் (பார்ட்டிஷன் மாற்றும் கருவி) பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளோன்சில்லா மறுக்கும். மாற்றிய பின் எம்எஸ்இன்ஃபோ32 திறந்து, காம்போனென்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று போய் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். 10,48,576 என்று இருந்தால் சரி. 32,256 என்று இருந்தால் அது எக்ஸ்பி காலத்துப் பார்ட்டிஷன், 63-ஆம் செக்டரில் தொடங்குகிறது, 4096-ஆல் வகுபடாது. எஸ்எஸ்டி ஒவ்வொரு முறை எழுதும்போதும் இரட்டை வேலை செய்யும். ஜிபார்ட்டடில் "எம்ஐபிக்கு நேராக்கு" என்று வைத்து நகர்த்தலாம்.

பயாஸில் டிஸ்க் இணைப்பு முறை ஐடிஈ என்று இருப்பதை நேராக ஏஹெச்சிஐ என்று மாற்றிவிடாதீர்கள். நீலத் திரையில் 7பி என்ற பிழை எண் வந்து நிற்கும். முதலில் ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்ஏஹெச்சிஐ சேவையின் ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கி, அணைத்து, பிறகு பயாஸில் மாற்றுங்கள்.

இரண்டாவது டிஸ்கில் லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஈ வகை. உங்கள் விண்டோஸ் 32-பிட் என்றாலும் கோர் 2 டுவோ 64-பிட் செயலிதான், மின்ட் 22 ஏறும். மெயில், பிரவுசர், வாட்ஸாப் வெப் எல்லாம் அதில். 4 ஜிபியில் டேப் பத்துப் பதினைந்து திறந்து வைக்காமல் இருந்தால் ஓடும். கடைசியாக விண்டோஸ் 7-க்குள் போய் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டை டிசேபிள் செய்துவிடுங்கள். அந்தப் பக்கத்துக்கு இணையம் செத்துவிட்டது என்று அர்த்தம்.

பெகு | 6 நவம்பர் 2025

ரெண்டு சிஸ்டம் வச்சா மணி 6:30 மாறும்னு சொல்லிடுங்க, இல்லைன்னா நாளைக்கே வந்து கேப்பார்.

ரங்கூன் பழுதுக்கடை | 6 நவம்பர் 2025

ஆமாம். லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தை உலக நேரமாக வைக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரமாக வைக்கும். நம் ஊரில் வித்தியாசம் சரியாக ஆறரை மணி நேரம். லினக்ஸ் டெர்மினலில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" கொடுத்தால் தீரும்.

விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸில் போய் அந்த டிஸ்கில் எழுதக்கூடாது, கோப்பு அமைப்பு குழம்பும். கமாண்ட் பிராம்ப்டில் "பவர்சிஎஃப்ஜி -ஹெச் ஆஃப்" அடித்து ஹைபர்னேட்டையே எடுத்துவிட்டால் கவலை இல்லை. ரேம் அளவுக்கு நெருக்கமாக இடமும் திரும்பக் கிடைக்கும்.

லேசர்ஜெட் 1020-ஐ லினக்ஸில் இருந்தும் அடிக்க வேண்டுமென்றால் ஒரு வினோதம்: அந்த பிரிண்டர் தன்னை இயக்கும் ஃபர்ம்வேரை (உள் மென்பொருள்) தனக்குள் சேமித்து வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிரைவர்தான் அதற்கு ஃபர்ம்வேரை ஊட்ட வேண்டும். லினக்ஸுக்கான எச்பி டிரைவரான எச்பிலிப்பில் பிளகின்னையும் சேர்த்துப் போடாவிட்டால் வேலை அனுப்பியது போலக் காட்டும், பிரிண்டர் அசையாது.

மோல்மீன் கணக்கு | 9 நவம்பர் 2025

எதுக்கு இத்தனை சுத்து? ஆன்டிவைரஸ் ஒண்ணு போட்டு 7-லயே நெட் பாக்க வேண்டியதுதானே. இங்க எக்ஸ்பியே இன்னும் ஓடுது, ஒண்ணும் ஆகலை.

ரங்கூன் பழுதுக்கடை | 9 நவம்பர் 2025

2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் வந்தது நினைவிருக்கும். யாரும் எதையும் கிளிக் செய்யவில்லை. எஸ்எம்பி1 என்ற கோப்புப் பகிர்வு ஓட்டை வழியாகத் தானே மெஷினுக்கு மெஷின் தாவியது. அதிகம் விழுந்தது விண்டோஸ் 7-தான். திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவை விழுந்தன. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்திருந்தும், நிலைமை மோசமாகி மைக்ரோசாஃப்ட் கேபி4012598 என்று தனியாக வெளியிட்டது. 2019-ல் புளூகீப் என்ற ஓட்டை வந்தபோதும் அதே கதை, அது ரிமோட் டெஸ்க்டாப் வழி.

ஆன்டிவைரஸ் கோப்பைப் பார்க்கும், கெர்னலில் (விண்டோஸின் மையப் பகுதி) இருக்கும் ஓட்டையை அடைக்காது. உங்கள் எக்ஸ்பி இதுவரை விழாததற்குப் பெரும்பாலும் ரவுட்டர்தான் காரணம். வெளியிலிருந்து நேராக வருவதை அது தடுக்கிறது. அதே வையேர்லெஸ்ஸில் வைரஸ் பிடித்த ஒரு லேப்டாப் வந்து உட்கார்ந்தால் ரவுட்டர் காப்பாற்றாது.

இணையம் இல்லாத மெஷினுக்கு இன்னும் ஒரே வாசல் பாக்கி: பென்டிரைவ்.

ரங்கூன் பழுதுக்கடை | 10 நவம்பர் 2025

பென்டிரைவ் பற்றித் தனியாக.

வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை விண்டோஸ் 7-ல் நேராகச் செருகாதீர்கள். லினக்ஸ் பக்கம் செருகி, வேண்டிய படத்தையும் எழுத்தையும் மட்டும் கடையின் சொந்த பென்டிரைவுக்கு எடுத்து, அதைத்தான் 7-க்குக் கொண்டுபோக வேண்டும். ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும் வைரஸ் லினக்ஸில் வெறும் கோப்பாகக் கிடக்கும், ஓடாது. ஏற்கெனவே அப்படி ஆன டிரைவில் கோப்புகள் போகவில்லை, மறைந்திருக்கின்றன: கமாண்டில் அந்த டிரைவுக்குப் போய் "அட்ரிப் -ஹெச் -ஆர் -எஸ் /எஸ் /டி" அடித்தால் வெளியே வரும். ஷார்ட்கட்டுகளை அழியுங்கள், திறக்காதீர்கள்.

எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் ஆட்டோரன்னை (டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் வசதி) முழுக்க அடைக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் நோடிரைவ்டைப்ஆட்டோரன் மதிப்பு பதினாறடிமானத்தில் எஃப்எஃப். பென்டிரைவ் ஃபேட்32-ஆக இருக்கட்டும். எக்ஸ்ஃபேட்டை எக்ஸ்பி தானாக அறியாது, அதற்குத் தனித் திருத்தம் வேண்டும். ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பத்திரிகை வேலைக்கு அது போதும், மண்டப வீடியோவுக்குப் போதாது.

தட்டோன் அச்சகம் | 15 நவம்பர் 2025

ரெண்டு டிஸ்க் போட்டாச்சு. வேகம் நல்லா இருக்கு. இப்ப வேற தொல்லை. வாடிக்கையாளர் வைபர்ல யூனிகோடு தமிழ் அனுப்புறாங்க, பேஜ்மேக்கர்ல ஒட்டினா கேள்விக்குறியா வருது. திரும்ப டைப் அடிக்க வேண்டியிருக்கு.

ரங்கூன் பழுதுக்கடை | 15 நவம்பர் 2025

லினக்ஸ் பக்கத்தில் பிரவுசரில் யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றி, சாதா டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்து, பேஜ்மேக்கரில் பிளேஸ் கொடுத்துப் பாமினி எழுத்துரு வையுங்கள். பர்மாவுக்கு ராபிட் கன்வர்ட்டர் இருக்கிறது, ஆனால் அது ஸோஜிக்கும் யூனிகோடுக்கும் நடுவில்தான்; வின் இன்வாவுக்கு வேறு மாற்றி தேட வேண்டும்.

மாற்றும்போது எங்கே கெடும் என்று தெரிந்தால் பிழை பார்ப்பது சுலபம். பாமினியில் புள்ளி உட்கார்ந்திருப்பது செமிகோலன் விசையில். வாடிக்கையாளர் எழுத்தில் உண்மையான செமிகோலன் இருந்தால் அது அச்சில் புள்ளியாகிவிடும். பெயருக்கு நடுவே ஆங்கிலத்தில் பட்டமோ மின்னஞ்சலோ இருந்தால் அதுவும் தமிழ் உருவங்களாக மாறித் தெரியும். அந்த இடத்தை மட்டும் தேர்ந்து ஆங்கில எழுத்துரு வைக்க வேண்டும். பேஜ்மேக்கரின் பிரஃபரன்சில் "டைப்போகிராஃபர்ஸ் கோட்ஸ்" அணைத்திருக்கட்டும், இல்லாவிட்டால் மேற்கோள் விசையில் அடிப்பதை அது தன் பாட்டுக்கு மாற்றும்.

ரங்கூன் பழுதுக்கடை | 16 நவம்பர் 2025

மேலே சொன்னது உள்ளே போகும் வழி. வெளியே வரும் வழி, அதாவது பழைய நோட்டீஸ்களைப் பாமினியிலிருந்து யூனிகோடாக்குவது, இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது.

பழைய எழுத்துருக்களில் பார்வை வரிசைப்படி அடிப்போம்: "கெ" என்றால் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில். "கொ" பாமினியில் மூன்று துண்டு, யூனிகோடில் இரண்டு. இதையெல்லாம் மாற்றிகள் ஒழுங்காகவே செய்கின்றன. தடுமாறுவது ஔகாரத்தில். ஔகாரக் குறியின் வலது பாதிக்கும் ளகரத்துக்கும் பழைய எழுத்துருவில் ஒரே உருவம். மாற்றிக்கு எது எதுவென்று தெரியாது. "பௌர்ணமி" என்பது "பெளர்ணமி" ஆகும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. எதிர்ப்பக்கம் "வெள்ளிக்கிழமை"யை "வௌ்ளிக்கிழமை" ஆக்கிவிடும். கோயில் நோட்டீஸில் வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் இல்லாத நோட்டீஸ் எங்கே இருக்கிறது?

இரண்டாவது வகைக்கு ஒரே தேடல் போதும். ஔகாரக் குறியை அடுத்துப் புள்ளி தமிழில் வரவே வராது. எனவே "ௌ்" எங்கே இருந்தாலும் "ெள்" என்று மொத்தமாக மாற்றலாம், பயமில்லை. முதல் வகைக்கு மொத்த மாற்று ஆபத்து, "கெளுத்தி" "கௌுத்தி" ஆகிவிடும். கௌரி, மௌனம், சௌபாக்கியம், பௌர்ணமி, யௌவனம் என்று ஒரு பட்டியல் வைத்துச் சொல் சொல்லாகத் தேடுங்கள். பத்திரிகையில் வரும் ஔகாரச் சொற்கள் இருபதைத் தாண்டாது; மணமகள் பெயர் சௌந்தர்யா என்றால் கூட ஒன்று.

பெகு | 16 நவம்பர் 2025

நம்ம கோயில் நோட்டீஸ்ல "பெளர்ணமி"ன்னு இருக்கிறது மாற்றி செஞ்ச தப்பு இல்லண்ணே, அடிச்சவரே அப்படித்தான் அடிச்சார்.

மோல்மீன் கணக்கு | 22 நவம்பர் 2025

நெட்டை எடுத்துட்டேன், சந்தோஷமா? என் கேள்வி வேற. எக்ஸ்பில டாஸ் ஃபாக்ஸ்புரோ கணக்கு ஓடுது, எப்சன் டாட் மேட்ரிக்ஸ்ல பில். எக்ஸ்பி மெஷின் கப்பாசிட்டர் எல்லாம் உப்பிப் போச்சு, எத்தனை நாள் தாங்குமோ. விண்டோஸ் 10, 11 எதுலயும் அந்த ப்ரோகிராம் ஏறலை.

ரங்கூன் பழுதுக்கடை | 22 நவம்பர் 2025

ஏறாது. 64-பிட் விண்டோஸ் எதிலும் 16-பிட் டாஸ் ப்ரோகிராம் ஓடாது, விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது.

உங்களுக்கு மூன்று வழி. 32-பிட் விண்டோஸ் 7 போட்ட ஏதாவது பழைய மெஷின்: ப்ரோகிராம் ஓடும், ஆனால் 7-ன் டிஸ்ப்ளே டிரைவரோடு முழுத்திரை டாஸ் வராது, சின்ன ஜன்னலில்தான். சிஸ்டம்32-ல் கான்ஃபிக்.என்டி கோப்பைத் திறந்து "ஃபைல்ஸ்" மதிப்பை 40-லிருந்து 99 ஆக்குங்கள். ஃபாக்ஸ்புரோ பல டேபிள்களையும் இன்டெக்ஸ்களையும் ஒன்றாகத் திறக்கும்போது 40 போதாமல் நிற்கும். பிரிண்டர் யுஎஸ்பியாக இருந்தால் அதை ஷேர் செய்து, "நெட் யூஸ் எல்பிடி1" கட்டளையால் அந்த ஷேரை எல்பிடி1-க்குக் கட்டினால் டாஸ் ப்ரோகிராம் பேரலல் பிரிண்டர் என்று நினைத்துக்கொள்ளும். இந்தக் கட்டுக்கு நெட்வொர்க் சேவை உயிரோடு இருக்க வேண்டும். இங்கே கார்டை டிசேபிள் செய்யாதீர்கள்; கேபிளைப் பிடுங்கியதும் கட்டு அறுந்தால் மைக்ரோசாஃப்ட் லூப்பேக் அடாப்டரைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, டாஸ் மெஷினைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் மென்பொருள். புது மெஷினிலேயே ஓடும். அச்சை எல்பிடி வழி அனுப்பும் வசதியும் உண்டு.

மூன்றாவது, மெஷினையே மென்பொருளுக்குள் வைப்பது. எக்ஸ்பி டிஸ்கைக் குளோன்சில்லாவில் இமேஜ் எடுத்து, புது மெஷினில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, காலி விர்ச்சுவல் டிஸ்கில் அந்த இமேஜை இறக்குங்கள். விர்ச்சுவல் டிஸ்கை சாட்டாவில் இல்லாமல் ஐடிஈ பிஐஐஎக்ஸ்4 கண்ட்ரோலரில் மாட்டுங்கள். அப்போதும் 7பி வந்தால், பழைய மெஷினிலேயே மெர்ஜ்ஐடிஈ (ஐடிஈ டிரைவர்களைச் சேர்க்கும் கருவி) ஓட்டிவிட்டு மறுபடி இமேஜ் எடுக்க வேண்டும். மாற்றிய பிறகு எக்ஸ்பி ஆக்டிவேஷன் மறுபடி கேட்கலாம், அதை எதிர்பார்த்தே இறங்குங்கள். விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் அடாப்டரை எடுத்துவிடுங்கள்.

கப்பாசிட்டர் உப்பியிருக்கிறது என்றால் யோசிக்க நேரம் இல்லை. இமேஜை இன்றைக்கே எடுங்கள், வழியைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம். ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்புகளை லிப்ரே ஆபிஸ் கால்க் திறக்கும். மெமோ புலம் இருந்தால் எஃப்பிடி கோப்பையும் அதே ஃபோல்டரில் வையுங்கள்.

பெகு | 23 நவம்பர் 2025

எக்ஸ்பியையும் விண்டோஸ் 10-ஐயும் ஒரே கேபிள்ல கோத்து ஃபோல்டர் ஷேர் பண்ணலாமான்னு அடுத்த கேள்வி வரும் பாருங்க.

ரங்கூன் பழுதுக்கடை | 23 நவம்பர் 2025

வேண்டாம். எக்ஸ்பிக்கு எஸ்எம்பி1 மட்டும்தான் தெரியும். விண்டோஸ் 10-ல் 1709 பதிப்பிலிருந்து அது தானாகப் போடப்படுவதில்லை. எக்ஸ்பிக்காக அதைத் திரும்பத் திறந்தால் வானாக்ரைக்கு வைத்த வாசலைப் புது மெஷினிலும் வைத்தது ஆகும். விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 2.1 தெரியும், அதனால் 7-க்கும் 11-க்கும் நடுவே பகிரலாம். 24எச்2-வில் கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் நுழைவு அடைபட்டிருக்கும்; 7-ல் கடவுச்சொல் வைத்த ஒரு கணக்கு உருவாக்கி அதன் பெயரில் நுழையுங்கள்.

தட்டோன் அச்சகம் | 7 டிசம்பர் 2025

கரண்ட் பத்தி யாரும் பேசலையே. யூபிஎஸ் இருக்கு, ஆனா கட் ஆன உடனே மெஷினும் போயிடுது. பக்கம் பாதியில போச்சு.

ரங்கூன் பழுதுக்கடை | 7 டிசம்பர் 2025

650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் பொதுவாக ஒரே ஒரு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி. கணக்குக்கு 84 வாட்-மணி. பழைய டெஸ்க்டாப்பும் மானிட்டரும் நூறு, நூற்றிருபது வாட் இழுத்தால் புது பேட்டரியில் சுமார் கால் மணி நேரம் எதிர்பார்க்கலாம். நாளுக்குப் பலமுறை கரண்ட் போகும் ஊரில் அந்த பேட்டரி சீக்கிரம் வற்றும். கட் ஆனதும் உடனே விழுகிறது என்றால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்: யூபிஎஸ்ஸைக் கழற்றி, அதே அளவு பேட்டரி மாற்றுங்கள். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸின் பேட்டரிப் பக்கத்தில் மாட்டியிருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள். டோனரைச் சுடவைக்கும்போது நூற்றுக்கணக்கான வாட் ஒரே மூச்சில் இழுக்கும்.

பேட்டரி நன்றாக இருந்தும் விழுந்தால் பவர் சப்ளையைப் பாருங்கள். மலிவு யூபிஎஸ் தருவது வழவழப்பான அலை இல்லை, படிக்கட்டு அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள புது சப்ளைகள் சில அதை ஏற்காமல் அணையும். பழைய சப்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. பழைய மெஷினுக்குச் சாதகமாக ஒரு வரி.

தொலைந்துபோன பக்கத்துக்கு: பேஜ்மேக்கர் பக்கம் மாறும்போதும் பக்கம் சேர்க்கும்போதும் மினி-சேவ் (தானாகச் சேமிப்பு) செய்துகொள்ளும். விழுந்த பிறகு அதே கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் கடைசி மினி-சேவ் வரும். ஒரே பக்கமுள்ள பத்திரிகையில் பக்கம் மாறவே மாறாது, அதனால் மினி-சேவும் குறைவு. அங்கே கண்ட்ரோல்-எஸ்ஸைக் கைக்குப் பழக்க வேண்டியதுதான். வேலை முடிந்ததும் ஒருமுறை சேவ் அஸ் கொடுத்து அதே பெயரில் எழுதுங்கள், கோப்பு சுருங்கும், கெடுவதும் குறையும்.

ரங்கூன் பழுதுக்கடை | 8 டிசம்பர் 2025

யாராவது விண்டோஸ் 7-ஐப் புதிதாகப் போட நேர்ந்தால்: எஸ்பி1 (சர்வீஸ் பேக் 1) மட்டும் போட்டுவிட்டு அப்டேட்டைத் தட்டினால் 80072ஈஎஃப்ஈ என்று வரும். மைக்ரோசாஃப்ட் தன் திருத்தங்களுக்கு எஸ்ஹெச்ஏ-2 கையொப்பத்துக்கு மாறிவிட்டது. வெறும் எஸ்பி1-க்கு அது புரியாது. கேபி4490628, அடுத்து கேபி4474419, இந்த இரண்டையும் வேறு மெஷினில் இறக்கிக் கையால் போட்டு, ரீஸ்டார்ட் செய்த பிறகே மற்றவை. யுஎஸ்பி 3.0 போர்ட்டில் பென்டிரைவ் செருகி நிறுவினால் டிரைவர் கேட்டு நின்றுவிடும், கீபோர்டும் மவுஸும் அந்த வகை போர்ட்டில் இருந்தால் அவையும் செத்துவிடும், ஏனென்றால் நிறுவும் தட்டில் அந்த டிரைவர் இல்லை. கறுப்பு யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுங்கள்.

மோல்மீன் கணக்கு | 21 டிசம்பர் 2025

டாஸ்பாக்ஸ்-எக்ஸ்ல கணக்கு ஓடுது. பில் பேப்பர்ல மார்ஜின் கொஞ்சம் தள்ளி விழுது, அவ்வளவுதான்.

தட்டோன் அச்சகம் | 21 டிசம்பர் 2025

பேஜ்மேக்கரை எப்பத்தான் விடுறது? மெஷின் செத்தா எல்லாம் போச்சா?

ரங்கூன் பழுதுக்கடை | 21 டிசம்பர் 2025

புது வேலையை எதில் தொடங்குகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. பழைய பத்திரிகைகளை அப்படியே விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுத்துரு பதித்த பிடிஎஃப் மட்டும் எடுத்து வையுங்கள். 7-ல் "எம்எஸ் பப்ளிஷர் இமேஜ்செட்டர்" என்ற பிரிண்டரை ஃபைல் போர்ட்டில் சேர்த்து, அதற்கு அச்சிட்டால் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு வரும், கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதைப் பிடிஎஃப் ஆக்கும். அச்சிடும் முன் பேஜ்மேக்கர் "இந்தப் பிரிண்டருக்கு மறுபடி கோக்கவா" என்று கேட்கலாம். ஒப்புக்கொண்டால் வரி உடையும் இடம் மாறக்கூடும். அசல் கோப்பில் சேவ் செய்யாமல் மூடுங்கள். வேறு மெஷினுக்குப் பேஜ்மேக்கரை மாற்றும்போதும் இதே காரணத்துக்காக 1020 டிரைவரை முதலில் போட வேண்டும், பிரிண்டர் கையில் இல்லாவிட்டாலும்.

பக்க அமைப்பே வேண்டுமென்றால் இன்டிசைன் சிஎஸ்6 பேஜ்மேக்கர் 6.0-இலிருந்து தொடங்கும் பதிப்புகளின் கோப்புகளைத் திறக்கும். எழுத்து அப்போதும் பாமினியாகவே இருக்கும்.

புது வாடிக்கையாளர், புது டெம்ப்ளேட் என்றால் லினக்ஸ் பக்கத்தில் ஸ்க்ரைபஸ் என்ற பக்கம் கட்டும் மென்பொருள். 1.6-லிருந்து தமிழையும் பர்மாவையும் யூனிகோடில் ஒழுங்காகக் கோர்க்கிறது. வைபரில் வந்ததை அப்படியே ஒட்டலாம், மாற்றி வேண்டாம். அழகான தலைப்பு எழுத்துக்குப் பாமினி வகையில் இருக்கும் அளவு யூனிகோடில் கிடைக்காது என்பது நிஜமான குறை. "திருமண அழைப்பிதழ்" என்ற தலைப்பை மட்டும் பேஜ்மேக்கரில் செய்து பிடிஎஃப் ஆக்கி, ஸ்க்ரைபஸில் படமாக வைத்துக்கொள்ளலாம்.

தட்டோன் அச்சகம் | 11 ஜனவரி 2026

பொங்கல் நோட்டீஸ் ஸ்க்ரைபஸ்ல அடிச்சாச்சு. பழைய சிடி ஒரு பெட்டி இருக்கு, 2003-லேர்ந்து எழுதினது. சில சிடி திறக்கவே மாட்டேங்குது.

ரங்கூன் பழுதுக்கடை | 11 ஜனவரி 2026

திறக்காததை விண்டோஸில் மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள். லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ போட்டு, பிளாக் அளவு 2048 என்று கொடுத்து, வரைபடக் கோப்பும் வைத்து ஐஎஸ்ஓவாக இழுங்கள். முதல் ஓட்டத்தில் படிக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கெட்ட இடங்களைக் குறித்து வைக்கும். அதே வரைபடக் கோப்போடு வேறொரு சிடி டிரைவில் ஓட்டினால் விட்ட இடத்தை மட்டும் முயலும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சகஜம். பளபளக்கும் அடிப்பக்கத்தை நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். மேல் பக்கத்தில் வெள்ளிப் பூச்சு உரிந்து வெளிச்சம் தெரிகிற சிடிகளில் அந்த இடம் போனது போனதுதான். பெட்டியில் முதலில் எடுக்க வேண்டியது திறக்காதவற்றை அல்ல, இன்னும் திறக்கிறவற்றை.